கட்டிலருகே திட்டாதீர்கள்: பிசியோக்களின் கேள்விகளுக்குப் பதில்

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் முதுகுவலிதான் முன்னால் நிற்கும். இந்த முறை அப்படி இல்லை. பாதிக்கு மேல் நம் பிசியோக்களே, அதாவது பிசியோதெரபிஸ்ட்களே எழுதியவை. பொறுப்பை எப்படி ஏற்பது, ஜூனியர்களை எப்படி நடத்துவது, டாக்டரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறார்கள். முதுகுவலிக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இன்டர்ன்ஷிப் முடிக்கப் போகிறேன். தலைமைப் பண்பு வளர்க்க ஆன்லைனில் ஒரு சான்றிதழ் படிப்பு இருக்கிறது, பதினைந்தாயிரம் ரூபாய். சேரலாமா? (பட்டுக்கோட்டை)

வேண்டாம். உங்கள் போஸ்டிங்கில் வாரம் ஒரு கேஸ் பிரசன்டேஷன் நடக்கும் இல்லையா? அதை நடத்தும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யார் எந்தக் கேஸ் எடுப்பது, சொன்ன நேரத்துக்கு ஆரம்பிப்பது, மூலையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவரை ஒரு கேள்வியாவது கேட்க வைப்பது, எல்லாம் உங்கள் பொறுப்பு. இரண்டு மாதம் செய்து பாருங்கள். அந்தப் பணத்தில் மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் நல்ல கோனியோமீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு மீதியை வீட்டில் கொடுங்கள்.

கேள்வி: மூன்று வருட அனுபவம்தான். எங்கள் மருத்துவமனையில் என்னை இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள். நான்கு பேரில் இருவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள். அண்ணா, அக்கா என்று கூப்பிட்டுவிட்டு எப்படி வேலை வாங்குவது? (மன்னார்குடி)

அண்ணா, அக்கா என்றே கூப்பிடுங்கள். அதனால் உங்கள் பொறுப்பு ஒன்றும் குறைந்துவிடாது. பதவி வந்த மறுநாளே பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆறு மாதம் தாங்கவில்லை.

முதல் வாரத்தில் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பத்து நிமிடம் உட்காருங்கள். எந்தக் கேஸ் உங்கள் கைக்கு நன்றாக வரும், எது தலைவலி, இங்கே எதை மாற்றினால் நன்றாக இருக்கும் என்று கேளுங்கள். அந்த மூத்த அக்கா ஸ்ட்ரோக் கேஸில் கெட்டிக்காரராக இருந்தால் ஸ்ட்ரோக் வகுப்பை அவரிடமே விடுங்கள். டூட்டி லிஸ்ட், விடுப்பு, வீட்டு விசிட் இந்த மூன்றையும் மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை டூட்டியில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். வாய்வார்த்தையாகச் சொன்ன டூட்டியில்தான் சண்டை வரும். எழுதிவிட்டால் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே கணக்கு.

கேள்வி: தலைமைப் பண்பு வர என்ன செய்ய வேண்டும்? விரிவாகப் பதில் தரவும். (ஊர் இல்லை)

நீங்கள் மாணவரா, வேலையில் இருப்பவரா, கிளினிக் வைத்திருப்பவரா? எத்தனை பேர் உங்களோடு வேலை செய்கிறார்கள், எதில் முட்டுகிறது? ஒன்றுமே எழுதவில்லை. 'உடம்பு வலிக்கிறது, வைத்தியம் சொல்லுங்கள்' என்று வரும் நோயாளியிடம் நீங்கள் எத்தனை கேள்வி கேட்பீர்கள்? அவற்றுக்கெல்லாம் பதில் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

கேள்வி: எனக்குக் கீழே இரண்டு ஜூனியர், மூன்று இன்டர்ன். தப்பு செய்தால் அந்த இடத்திலேயே, நோயாளி முன்னாலேயே திட்டிவிடுவேன். அப்போதுதான் மறக்காது. என் சாரும் எனக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். ஆனால் இப்போதெல்லாம் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. நானாகக் கேட்டாலும் 'எல்லாம் சரியா இருக்கு சார்' என்கிறார்கள். ஏன்? (திருவாரூர்)

ஏன் என்பதை உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரியிலேயே எழுதிவிட்டீர்கள். இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை, அதனால் இன்னொரு முறை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஆர்த்தோ வார்டு. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன ஒரு பெரியவர், விவசாயி. நான்காம் நாள் நடக்க வைக்கப் போனேன். இடது கெண்டைக்கால் வலதைவிடத் தடித்திருந்தது, தொட்டால் சூடாக இருந்தது. டி.வி.டி.யாக (காலின் ஆழ்சிரையில் ரத்தம் கட்டிக்கொள்வது) இருக்குமோ என்று தோன்றியது. முந்தின நாள்தான், வாக்கர் உயரத்தைத் தவறாக வைத்தேன் என்று என் சீனியர் வார்டே பார்க்க, "உன்னை எவன் பாஸ் போட்டான்?" என்று கேட்டிருந்தார். அந்தப் பெரியவரின் மகள் என்னைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. மறுபடி அப்படி ஒரு பேச்சு வாங்க எனக்குத் தெம்பில்லை. ஆபரேஷன் வீக்கம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று நடக்க வைக்கவில்லை, கேஸ் ஷீட்டில் 'நோயாளி களைப்பு' என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் காலைப் பார்த்ததும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரத்தக்கட்டிதான். உடனே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் போட்டார்கள், பெரியவர் பிழைத்தார். கட்டி அந்த ஒரு நாளில் நுரையீரலுக்கு ஏறியிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

வாயை மூடிக்கொண்டிருந்தது என் தவறு, அதை யார் மேலும் போட மாட்டேன். ஆனால் என் வாயை அடைத்தது முந்தின நாள் வாங்கிய திட்டு. உங்கள் இன்டர்ன் 'எல்லாம் சரியா இருக்கு சார்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கெண்டைக்கால்தான் கண்முன் வருகிறது.

எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக நடக்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது, நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. காரணம், அங்கே தவறைச் சொன்னால் தலை போகாது, அதனால் சொன்னார்கள். மற்ற இடங்களில் மறைத்தார்கள். உங்கள் டிபார்ட்மென்ட்டில் ஒரு மாதமாக ஒரு தவறும் காதுக்கு வரவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள்.

நோயாளி பக்கமும் பாருங்கள். நம் ஊர் நோயாளி, திட்டு வாங்கிய பையனை மறுநாள் தொட விடமாட்டார். "பெரியவரை வரச் சொல்லுப்பா" என்பார். அப்புறம் எல்லாக் கட்டிலுக்கும் நீங்களே ஓட வேண்டியதுதான்.

சரி, தப்பு நடக்கும்போது என்ன செய்வது? நோயாளி விழப் போகிறார், பக்கவாதக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்குகிறார்கள் என்றால் ஒரு நொடி தாமதிக்கக் கூடாது. "நான் பிடிக்கிறேன், நீ அந்தப் பக்கம் வா" என்று சொல்லிக் கையை மாற்றிக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்துங்கள். மீதியை வராந்தாவில், அன்று மாலைக்குள், தனியாகப் பேசுங்கள். என்ன பார்த்தாய், ஏன் அப்படிச் செய்தாய், அடுத்த முறை என்ன செய்வாய், இந்த மூன்று கேள்வி போதும். அவர்களாக வந்து தவறைச் சொன்னால் முதல் வார்த்தை 'சொன்னது நல்லது' என்று இருக்கட்டும். அப்புறம் சனிக்கிழமை மீட்டிங்கில் உங்கள் தவறு ஒன்றை நீங்களே சொல்லுங்கள். நான் இந்தக் கெண்டைக்கால் கதையை ஒவ்வொரு பேட்ச் இன்டர்னுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

உங்கள் சார் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார் என்கிறீர்கள். என் சாரும் அப்படித்தான். அதற்காக அதை நாமும் அடுத்தவர் தலையில் கட்ட வேண்டியதில்லை.

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவத்தில் வட்டார பிசியோவாக இருக்கிறேன். தன்னார்வலர் அக்காக்கள் எனக்குக் கீழே வேலை செய்பவர்கள் கிடையாது, ஆனால் அவர்கள் இல்லாமல் என் வேலை நடக்காது. ஒத்துழைப்பு சுமார்தான். (வேதாரண்யம்)

உத்தரவு போட முடியாத இடத்தில்தான் தலைமை என்றால் என்னவென்று தெரியும், நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். 2021 ஆகஸ்டில் திட்டம் ஆரம்பித்தபோதே பிசியோவை அதில் சேர்த்தார்கள். ஒரு வட்டாரம் முழுக்க நீங்கள் ஒருவர். அந்த அக்காக்கள் பிபி, சுகர் பார்க்கத் தெருத்தெருவாகப் போகிறவர்கள். யார் வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார், யார் மருமகளோடு பேச்சில்லை என்பதுவரை அவர்களுக்குத் தெரியும்.

அவர்களிடம் லிஸ்ட் மட்டும் கேட்டு வாங்காதீர்கள், கொஞ்சம் கற்றும் கொடுங்கள். மாதம் ஒரு மணி நேரம் போதும். பக்கவாதக் கையை இழுக்காமல் தோள்பட்டையின் பின்னால் தாங்கிப் பிடிப்பது, படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுவது, புட்டத்திலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது. நீங்கள் அடுத்த விசிட் வருவதற்குள் அந்த வீட்டில் உங்கள் கைக்குப் பதிலாக இருக்கப்போவது அவர்கள்தான். 'இந்த அக்கா சொன்னதால்தான் படுக்கைப்புண் வராமல் தப்பித்தது' என்று அந்த வீட்டார் எதிரிலேயே சொல்லுங்கள். பாராட்டை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், திருத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, நேரம். நடவு நாளில் காலை ஒன்பது மணிக்குப் போனால் வீட்டில் நோயாளி மட்டும்தான் இருப்பார், பார்த்துக்கொள்பவர் வயலில் இருப்பார். யாருக்குக் கற்றுத்தரப் போகிறீர்கள்? நடவு, களை, அறுப்பு நாட்களில் விசிட்டை மதியத்துக்கு மேல் தள்ளுங்கள். எந்தத் தெரு எந்த நாளில் காலி என்று அக்காக்களிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்வார்கள். அப்படிக் கேட்பதே அவர்களுக்கு ஒரு மரியாதை.

கேள்வி: ஆர்த்தோ டாக்டர் ரெஃபரலில் 'ஐ.எஃப்.டி. (வலிக்கு மின்சாரம் வைக்கும் சிகிச்சை), எக்ஸர்சைஸ்' என்று மட்டும் எழுதி அனுப்புகிறார். வேறு சிகிச்சை தேவை என்று எனக்குத் தெரிகிறது. சொல்லப் பயமாக இருக்கிறது. (கும்பகோணம்)

எண்ணோடு போங்கள், பயம் பாதி குறையும். "முட்டி சரியா மடங்கல சார்" என்று சொன்னால் அவர் காதில் விழாது. "டி.கே.ஆர். (முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன்) ஆகிப் பத்து நாள், மடக்கம் 60 டிகிரி, நீட்டுவதில் 15 டிகிரி குறைகிறது. வலி மாத்திரை நேரத்தை என் செஷனுக்கு முக்கால் மணி முன்னால் மாற்றித் தந்தால் 90 கொண்டுவர முடியும் சார்" என்று சொல்லிப் பாருங்கள். யார், என்ன பின்னணி, நான் என்ன பார்த்தேன், உங்களிடம் என்ன கேட்கிறேன். எஸ்.பி.ஏ.ஆர். என்று கல்லூரியில் படித்திருப்பீர்கள், அதுவேதான். ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். ஓபியில் நூறு பேர் நிற்கும்போது போய் நிற்காதீர்கள்.

ஒப்புக்கொள்ளவில்லை என்றால் கேஸ் ஷீட்டில் உங்கள் அளவுகளைத் தேதி போட்டு எழுதிவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் மறுபடி அளந்து மறுபடி போங்கள். எழுதாத அளவு எடுக்காத அளவுதான், இதையும் நான் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

கேள்வி: பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டால்தானே நமக்கு மதிப்பு, தலைமை எல்லாம்? (மயிலாடுதுறை)

2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் போடக் கூடாது என்று ஒரு கடிதம் விட்டது, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. அந்தச் சர்ச்சையை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். போட்டாலும் பெயருக்குப் பின்னால் பிசியோதெரபிஸ்ட் என்பதைக் குறிக்கும் 'பி.டி.' என்பதை விடாதீர்கள், நோயாளிக்கு நீங்கள் யார் என்று தெரிய வேண்டும். அந்த நான்கு எழுத்துக்காக ஒரு ஜூனியரும் உங்கள் பின்னால் வர மாட்டார்.

கேள்வி: எட்டு வருடமாக ஒரே மருத்துவமனை. என்னிடம் பயின்ற தம்பியை ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) ஆக்கிவிட்டார்கள். 'உங்களுக்குக் குழந்தை இருக்கும்மா, லோடு தாங்காது' என்றார்கள். என்னிடம் கேட்கவே இல்லை. (தஞ்சாவூர்)

படித்ததும் கோபம் வந்தது. பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) வகுப்புகளில் போய்ப் பாருங்கள், பெண்கள் நிரம்பியிருக்கிறார்கள். ஹெச்.ஓ.டி. அறைகளில் அந்தக் கூட்டத்தைக் காணோம். குழந்தை உள்ள ஆணிடம் யாரும் லோடு பற்றிக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கேட்கும் முறையை மட்டும் சொல்கிறேன். வாயால் முறையிடாதீர்கள், ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். இந்த எட்டு வருடத்தில் எத்தனை இன்டர்ன்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், எந்த சர்வீஸை ஆரம்பித்தீர்கள், ஆள் இல்லாத நாட்களில் டிபார்ட்மென்ட்டை எத்தனை முறை தனியாக நடத்தினீர்கள் என்று எண்களோடு எழுதுங்கள். கடைசியில், 'அடுத்த பொறுப்புக்கு என்னைப் பரிசீலிக்க வேண்டும், என் வீட்டுச் சூழலை நானே முடிவு செய்துகொள்வேன்' என்று ஒரு வரி. நகல் உங்களிடம் இருக்கட்டும். அந்தத் தம்பி மேல் கோபம் வேண்டாம், அவர் உங்களிடம் கற்றவர். அவர் நன்றாக நடத்தினால் உங்கள் கடிதத்தில் இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் பதில் இல்லையென்றால் வேறு இடம் தேடுங்கள். எட்டு வருடக் கைக்கு இந்த டெல்டாவிலேயே வேலை இருக்கிறது.

கேள்வி: சொந்தக் கிளினிக். வேலை கற்றுக்கொடுத்த ஒரு வருடத்தில் ஜூனியர்கள் துபாய், லண்டன் என்று போய்விடுகிறார்கள். கற்றுக்கொடுப்பதையே நிறுத்திவிடலாமா? (ஸ்ரீரங்கம்)

நிறுத்தினால் ஒரு வருடம் கூடத் தங்க மாட்டார்கள். சம்பளத்தை நேர்மையாகப் பாருங்கள். ஐ.எஃப்.டி. பட்டையை ஒட்டி எடுக்கும் வேலையை மட்டும் கொடுத்து வைத்திருந்தால் யார்தான் இருப்பார்கள்? ஆறாம் மாதத்தில் வாரம் ஒரு நாள் கிளினிக்கை அவர்கள் கையில் கொடுங்கள். புது நோயாளியைப் பரிசோதிப்பது, திட்டம் போடுவது, டாக்டரிடம் போனில் பேசுவது எல்லாம் அவர்கள்தான். நீங்கள் கிளினிக்கிலேயே இருங்கள், ஆனால் அறைக்கு வெளியே. கூப்பிட்டால் மட்டும் உள்ளே போங்கள். முதல் மாதம் உங்களுக்கு உட்காரவே முடியாது, எனக்கும் அப்படித்தான் இருந்தது. போகிறவர்கள் போகட்டும், போகும்போது அடுத்தவருக்கு ஒரு மாதம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று சேரும்போதே பேசிவிடுங்கள். அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.