வேலையை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன், எதையும் தொடங்க முடியவில்லை. என்ன செய்வது?

முடிவு மொட்டையாக இருப்பதுதான் பாதிப் பிரச்சினை. ‘புதிதாக ஏதாவது கற்க வேண்டும்’ என்பதை எந்த நாளில் செய்வது? ‘இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் லேப்டாப்பைத் திறந்து எக்செல் பாடத்தில் ஒரு பகுதி முடிப்பேன்’ என்று நேரத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள். எப்போது, எங்கே என்று முன்பே தீர்மானித்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலேயே ஆராய்ந்து காட்டியிருக்கிறார். அப்புறம், 21 நாளில் பழக்கமாகிவிடும் என்ற கதையை நம்பாதீர்கள். ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழுவினர் லண்டனில் செய்த ஆய்வில் ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக சுமார் 66 நாள் பிடித்தது, அதுவும் ஆளுக்கு ஆள் ஏகப்பட்ட வித்தியாசம், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெடவில்லை. கையில் இருக்கும் வேலையை மட்டும் அவசரப்பட்டு விடாதீர்கள். முதலில் நீங்கள் போக நினைக்கும் துறையில் இருக்கும் ஒருவரைப் பிடித்து, அவருடைய சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகிறது என்று கேளுங்கள்.