‘சோண்டர்’ பழைய ஜெர்மன் சொல்லா?

இதைப் பழைய ஜெர்மன் சொல் என்று உங்கள் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படி எழுத வேண்டாம். எதிரே போகிற முன்பின் தெரியாதவருக்கும் நம்மைப் போலவே சிக்கலான வாழ்க்கை உண்டு என்று சட்டென உறைக்குமே, அந்த உணர்வுக்கு அமெரிக்க எழுத்தாளர் ஜான் கோனிக் 2012-இல் உருவாக்கிய சொல் அது.

ஜெர்மனில் ‘சிறப்பு, தனி’ என்ற பொருளில் இதே முன்னொட்டு இருப்பதால் குழம்பியிருப்பீர்கள். அவர் எடுத்தாண்டதோ ‘ஆழம் பார்ப்பது’ என்ற பிரெஞ்சு வினைச்சொல்லை.

டூடன் என்ற ஜெர்மன் அகராதியைப் புரட்டிப் பாருங்கள். முன்னொட்டு இருக்கும், இந்த உணர்வு இருக்காது.

அதற்காக இணையத்தில் சுற்றும் இத்தகைய உணர்வுச் சொற்கள் எல்லாமே புதிதாகக் கட்டியவை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அடுத்தவர் துன்பத்தில் வரும் மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘ஷாடன்ஃப்ராய்ட’ அசல் ஜெர்மன் சொல்தான். சோண்டரையும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அருமையான சொல், உருவாக்கியவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.