ஆய்வாளருக்கு எந்த இணையதளம்? கேள்வி பதில்

கேள்வி: முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். கட்டுரைகள், ஸ்லைடுகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். கோடிங் தெரியாது. வேர்ட்பிரஸ், விக்ஸ், கூகுள் சைட்ஸ், இவற்றில் எது?

பதில்: நாலைந்து பக்கம் போதும் என்றால் கூகுள் சைட்ஸ். இலவசம், விளம்பரம் கிடையாது, ஒரே மாலையில் முடிந்துவிடும். ஆனால் பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கில் தொடங்காதீர்கள். நீங்கள் வெளியேறியதும் அந்தக் கணக்கை மூடினால் தளமும் அதோடு போய்விடும். சொந்தக் கணக்கில் தொடங்குங்கள்.

தளம் வளரும் என்று தோன்றினால் வேர்ட்பிரஸ். நான் முதலில் பார்ப்பது, ஒரு தளத்துக்குள் நுழைவது எவ்வளவு எளிது என்பதை அல்ல, வெளியேறுவது எவ்வளவு எளிது என்பதைத்தான். வேர்ட்பிரஸில் எழுதியதை எல்லாம் ஒரு கோப்பாக இறக்கி வேறு சர்வரில் ஏற்றலாம். விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போக முடியாது. பார்க்க அழகாக இருக்கும், அது உண்மைதான்.

எதை எடுத்தாலும் சொந்தமாக ஒரு டொமைன் பெயர், அதாவது தளத்தின் இணைய முகவரி, வாங்கிவிடுங்கள். நாளைக்குத் தளத்தை மாற்றினாலும் உங்கள் முகவரி மாறாது. அப்புறம், தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) தேடியே ஒரு வாரத்தை ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முடித்திருக்கலாம்.

கேள்வி: வேர்ட்பிரஸ்.காம், வேர்ட்பிரஸ்.ஆர்க் இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. முதலாவது, தளத்தை அவர்களே வைத்து நடத்தித் தரும் சேவை. இலவசத் திட்டத்தில் விளம்பரம் வரும், சொந்த டொமைன் வைக்க முடியாது. இரண்டாவதில் மென்பொருள் மட்டும் இலவசம். ஹோஸ்டிங் (தளத்தை வைக்க சர்வரில் இடம்), அப்டேட், பேக்கப் எல்லாம் உங்கள் பொறுப்பு. அப்டேட் செய்யாமல் விட்ட பிளகின்கள் (கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் சிறு மென்பொருள்கள்) வழியாகத்தான் பெரும்பாலும் ஹேக் செய்கிறார்கள். அதற்கு நேரமில்லை என்றால் முதலாவதற்கே கட்டணம் கட்டிவிடுங்கள்.

கேள்வி: லாடெக் (ஆவணம் தயாரிக்கும் மென்பொருள்), ஆர் (புள்ளியியலுக்கான நிரல்மொழி) இரண்டும் தெரியும். கிட்ஹப்பில் வைத்த கோப்புகளையே தளமாகக் காட்டும் கிட்ஹப் பேஜஸ் சரிவருமா?

பதில்: உங்களுக்கு அதுதான் சரி. எழுதிய கோப்புகளை இணையப் பக்கங்களாக மாற்றித் தரும் மென்பொருள்களான குவார்ட்டோ, ஹியூகோ, ஜெக்கில் மூன்றில் ஒன்றை எடுங்கள். ஆர் எழுதுபவர் என்பதால் குவார்ட்டோவைச் சொல்வேன்: நிரல், வரைபடம், சமன்பாடு எல்லாம் ஒரே ஆவணத்தில் இருந்து பக்கமாகிவிடும். உள்ளடக்கம் வெறும் டெக்ஸ்ட் கோப்புகள், அதனால் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.

ஒன்றில் மட்டும் கவனம். இலவசக் கணக்கில் பேஜஸ் வேண்டுமென்றால் ரெப்போ (கிட்ஹப்பில் உங்கள் கோப்புகள் இருக்கும் இடம்) எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் இருக்க வேண்டும். வெளிவராத கட்டுரையின் வரைவை அதில் போட்டுவிட்டுப் பிறகு அழித்தாலும் பழைய கமிட்டுகளில் (முன்பு சேமித்த மாற்றங்களின் பதிவுகளில்) அது அப்படியே கிடக்கும்.

கேள்வி: ஆய்வாளர்களுக்கான சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட்டில் பக்கம் இருக்கிறது. அது போதாதா?

பதில்: ஆளைத் தெரிந்துகொள்ள உதவும், இருக்கட்டும். ஆனால் அது அவர்கள் இடம், விதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உங்கள் தளத்துக்கு வருபவரை யாரும் லாகின் செய்யச் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: இதழில் வந்த பிடிஎஃப்பை அப்படியே என் தளத்தில் போடலாமா?

பதில்: திறந்த உரிமத்தில் வந்திருந்தால் அந்த உரிமப்படி போடலாம். இல்லையென்றால் பதிப்பாளரோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். இதழ் வடிவமைத்த இறுதிப் பிரதிக்குப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட உங்கள் சொந்தப் பிரதியைப் போடப் பலர் விடுகிறார்கள், சிலர் சில மாதங்கள் காத்திருக்கச் சொல்வார்கள்.

கேள்வி: 12 ஜிபி தரவு இருக்கிறது. எங்கே வைப்பது?

பதில்: தளத்தில் வேண்டாம். கிட்ஹப் பேஜஸில் தளம் மொத்தமே 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். ஆய்வுத் தரவுகளைச் சேமித்து வைக்கும் ஜெனோடோவில் ஏற்றுங்கள். செர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்துவது. ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இலவசம். டிஓஐ (மாறாத அடையாள எண்) கிடைக்கும், மேற்கோள் காட்டுபவர்களுக்கு அதுதான் வேண்டும். தளத்தில் அந்த இணைப்பை மட்டும் கொடுங்கள்.

கேள்வி: என் தளத்தில் உள்ள கட்டுரைகள் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் வரவில்லை.

பதில்: ஒவ்வொரு கட்டுரையும் தனி பிடிஎஃப்பாக, 5 எம்பிக்குள் இருக்கிறதா? ஸ்கேன் செய்த படமாக இல்லாமல் எழுத்தைத் தேட முடிகிறதா? முதல் பக்கத்தில் தலைப்பு பெரிய எழுத்தில், அதன் கீழே ஆசிரியர் பெயர், கடைசியில் மேற்கோள் பட்டியல். இவை சரியாக இருந்தால் சில வாரங்கள் பொறுங்கள்.

கேள்வி: ஆய்வுக்குழுவுக்கான தளம். மாணவர்கள் வருவார்கள், போவார்கள். எது நல்லது?

பதில்: வேர்ட்பிரஸ். புதிதாக வருபவருக்கும் கற்றுக்கொடுப்பது எளிது. அட்மின் கணக்கும் டொமைன் பதிவும் எந்த மாணவர் பெயரிலும் இருக்க வேண்டாம், குழுவின் பொது மின்னஞ்சலில் இருக்கட்டும். டொமைன் புதுப்பிப்பு நினைவூட்டலும் அங்கேயே வரட்டும்.