கிறிஸ்தவத் திருமணம் கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உள்ள உறவின் சாயல் என்பதன் பொருள் என்ன?

கிறிஸ்து தம் சபையின்மேல், அதாவது தம்மை விசுவாசிக்கிறவர்களின் கூட்டத்தின்மேல், வைத்த அன்பு கணவன் மனைவியின் இல்வாழ்வில் வெளிப்பட வேண்டும் என்பதே இதன் பொருள். புதிய ஏற்பாட்டு நிருபமான எபேசியர் 5ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலனாகிய பவுல், இருவரும் ஒரே மாம்சமாயிருப்பார்கள் (ஒரே உடலாவார்கள்) என்ற ஆதியாகம வசனத்தை எடுத்துக்காட்டி, அந்த இரகசியம் பெரியது என்றும், தாம் கிறிஸ்துவையும் சபையையும் பற்றியே சொல்வதாகவும் எழுதுகிறார். சபை தகுதி பெறட்டும் என்று காத்திராமல் கிறிஸ்து தம்மையே அதற்காக ஒப்புக்கொடுத்தார். நோயிலும் வறுமையிலும் கைவிடேன் என்று மணமக்கள் வாக்குக் கொடுப்பதன் அடிப்படை அதுதான். ஆசிரியர் சிலேட்டில் எழுதிய எழுத்தின்மேல் குழந்தை எழுதிப் பழகுவதைப் போன்றது இது: கோடு கோணலாகலாம், மூல எழுத்து மாறாது. அதே அதிகாரத்தின் 22ஆம் வசனம் மனைவிகளுக்குச் சொல்லும் ‘கீழ்ப்படியுங்கள்’ என்ற சொல்லை மட்டும் (மிக வசதியாக) பிடித்துக்கொண்டு, கணவனுக்கு ஆளும் உரிமை தரப்பட்டதாகச் சிலர் வாதிடுவதுண்டு. ஆனால் அதற்கு முந்தைய வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது, 25ஆம் வசனமோ சிலுவைவரை சென்ற அன்பையே கணவனிடம் கேட்கிறது.