செடி, பூ வரைவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பென்சில், வாட்டர்கலர், கலர் பென்சில், மை என்று எத்தனையோ இருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர் எதை எடுப்பது?

பென்சில்தான். ஒரு எச்பி, அதைவிட மென்மையான ஒரு 2பி போதும். 2எச் மாதிரி கடினமான பென்சிலை அழுத்தினால் தாளில் பள்ளம் விழும். அப்புறம் வண்ணம் அதில் தேங்கி, அழித்த கோடும் தெரியும்.

செம்பருத்தி வரைந்தால் எப்போதும் தட்டையாகவே வருகிறது. எங்கே தவறு செய்கிறேன்?

இதழில் தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காம்பில் தொடங்குங்கள். காம்பின் கோடு பூவுக்குள் புகுந்து அதன் நடுவைத் தொட வேண்டும். அந்தக் கோடு தப்பினால் பூ காம்பின் மேல் ஒட்டவைத்தது போலத்தான் இருக்கும். அடுத்து, பூவை ஒரு புனலாக நினைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்திருக்கும் புனலின் வாய் நீள்வட்டமாகத் தெரியும். இதழ் நுனிகளை அந்த நீள்வட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். ஐந்து இதழும் ஒரே நீளத்தில் தெரியாது. மனம் அப்படித்தான் வரையச் சொல்லும், கேட்காதீர்கள்.

பிறகு எண்ணிப் பாருங்கள். ஒற்றை அடுக்குச் செம்பருத்தியில் ஒவ்வொரு இதழும் ஒரு பக்கம் அடுத்த இதழின் மேலேயும் மறுபக்கம் முந்தைய இதழின் அடியிலும் இருக்கும், பம்பரம் சுற்றுவது போல. நடுவில் நீளும் தண்டின் நுனியில் ஐந்து சின்னக் குமிழ்கள். லில்லியில் ஆறு இதழ் போலத் தெரிந்தாலும் உண்மையில் வெளியே மூன்று, உள்ளே மூன்று. இந்த அடுக்கு புரிந்துவிட்டால் எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பூவை வரைந்துவிடலாம். எந்த வண்ணத்தில் வரைந்தாலும் இது மாறாது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

வாட்டர்கலரில் இலையின் பச்சை பிளாஸ்டிக் போல இருக்கிறது.

டியூபில் வரும் பச்சையை அப்படியே பூசாதீர்கள். அல்ட்ராமரைன் நீலத்தையும் லெமன் மஞ்சளையும் கலந்து, துளி சிவப்பு சேருங்கள், பச்சை அடங்கிவிடும். இலையையும் கவனியுங்கள். பளபளப்பான இலையின் மேற்புறம் வானத்தைப் பிரதிபலிக்கும் இடத்தில் வெளிர் நீலமாகத் தெரியும். வெயில் பின்னாலிருந்து ஊடுருவும் இலை மஞ்சளாக ஒளிரும். ஒரே செடியில் இந்த இரண்டும் இருக்கும். நரம்புகளுக்குக் கருங்கோடு வேண்டாம். பல இலைகளில் நரம்பு இலையைவிட வெளிறியிருக்கும். அந்த இடத்தை விட்டுவிட்டு இருபுறமும் பூசுங்கள்.

வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூவை எப்படிக் காட்டுவது?

பூவுக்குப் பின்னால் இருக்கும் இலைகளை அடர்த்தியாகப் பூசுங்கள், பூ தானாக முன்னே வரும். வாட்டர்கலரில் வெள்ளை என்பது விட்டுவைத்த தாள்தான். இதழ் மடிப்பின் நிழலுக்கு மிக நீர்த்த சாம்பல் நிறம் போதும். பக்கத்தில் இலை இருந்தால் அந்த நிழலில் பச்சைச் சாயல் இருக்கும். தாளை விட்டுவைப்பது கடினமாக இருந்தால் கௌவாஷ் எடுங்கள். அது ஒளி ஊடுருவாத வண்ணம் என்பதால் கடைசியில்கூட வெள்ளை வைக்கலாம்.

முடிப்பதற்குள் பூ வாடிவிடுகிறதே?

பூவை முதலில், இலையைக் கடைசியில் வரையுங்கள். ஆரம்பத்தில் நான் இலைகளை முடித்துவிட்டுத் திரும்பினால், மொட்டாக இருந்தது முழுதாக விரிந்திருக்கும்; படத்தையே கைவிட வேண்டியிருந்தது. இப்போது உட்கார்ந்ததும் இதழின் நிறத்தைக் கலந்து ஓரமாகத் தீற்றி வைத்துவிடுகிறேன். புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வடிவத்துக்கு மட்டும். நிறத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

கலர் பென்சிலில் கொஞ்ச நேரத்திலேயே வண்ணம் ஒட்டாமல் வழுக்குகிறது.

முதலிலேயே அழுத்துகிறீர்கள். மெழுகு தாளின் சொரசொரப்பை நிரப்பிவிட்டால் அடுத்த நிறத்துக்குப் பிடிப்பு இல்லை. கூர்மையான முனையால், பென்சிலின் எடை மட்டும் விழுகிற மாதிரி, மெல்லிய அடுக்குகளாகப் போடுங்கள். அழுத்தம் கடைசி அடுக்கில்தான்.

மைக்கோட்டின் மேல் வாட்டர்கலர் பூசினால் மை கரைகிறது. தாளும் நெளிகிறது.

நீரில் கரையாத பிக்மென்ட் மைப் பேனா வாங்குங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு பூசுங்கள். தாள் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கட்டும். நுணுக்கமான கோடுகளுக்கு ஹாட் பிரஸ் எனப்படும் வழுவழுப்பான வகை நல்லது.