ஸ்டீயரிங் ஆட்டம்: தளர்ந்தது எந்தப் பாகம்? (வாசகர் கேள்வி–பதில்)

கேள்வி: 2008ஆம் ஆண்டு ஆறு சக்கர லாரி ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறேன். பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி இருபுறமும் அலைகிறது, 50 கி.மீ. வேகத்தில் பள்ளத்தில் இறங்கி ஏறினால் முன்சக்கரங்கள் உதறத் தொடங்கி, வேகத்தைக் குறைத்தால்தான் அடங்குகின்றன. டை ராடு எண்ட் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டின் முனை மூட்டு) இரண்டையும் மாற்றி, இருமுறை வீல் அலைன்மெண்ட் செய்தும் குறை தீரவில்லை. இப்போது ஸ்டீயரிங் பாக்ஸையே (ஸ்டீயரிங் சுழற்சியைச் சக்கரம் திருப்பும் அசைவாக மாற்றும் பல்சக்கரப் பெட்டி) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், சங்ககிரி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் உதறலுக்குப் பாக்ஸ் தனியாகக் காரணமாக இருப்பது அரிது; கிங் பின் (முன்சக்கரம் இடம் வலம் திரும்பும்போது அச்சு முனையில் அதைத் தாங்கும் செங்குத்து முளை) மீதுதான் எனக்கு முதல் சந்தேகம். ஆனால் சந்தேகத்தின் பேரில் எதையும் மாற்றக் கூடாது என்பதால், அரைநாள் ஒதுக்கிக் கீழ்க்கண்டவாறு பார்த்துவிடுங்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கி போட வேண்டாம். முன்சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் தளர்வு தன்னை உண்மையாகக் காட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக அசைக்க, மற்றவர் கீழே இருந்து ஒவ்வோர் இணைப்பாகக் கவனிக்க வேண்டும். ஸ்டீயரிங் தண்டின் கீழுள்ள ஜாயிண்ட், பாக்ஸ், டிராப் ஆர்ம் (பாக்ஸிலிருந்து தொங்கும் கை), டிராக் லிங்க் (அதைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் தண்டு), ஸ்டீயரிங் ஆர்ம் (சக்கரத்தைத் திருப்பும் கை), டை ராடு என்ற வரிசையில் அசைவு எங்கே வந்து நின்றுவிடுகிறதோ, அதாவது ஒரு பாகம் நகர்ந்தும் அதற்கு அடுத்தது நகராமல் நிற்கிறதோ, அந்த இணைப்பே தேய்ந்த இணைப்பு. பாக்ஸைச் சேஸியில் பிடிக்கும் போல்ட்டுகளையும் இதே நேரத்தில் பாருங்கள். பாக்ஸ் முழுவதுமே அசைந்தால் கோளாறு அதன் உள்ளே இல்லை. போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது அது அமர்ந்துள்ள பிராக்கெட் விரிசல் கண்டிருக்கும்.

டை ராடைக் கையால் பிடித்துத் திருப்பினால் அது தன் அச்சில் சிறிது உருளும். அது பால் ஜாயிண்ட்டின் (எண்டில் உள்ள குண்டு மூட்டின்) இயல்பு. இதைப் பார்த்துவிட்டு நல்ல எண்டைக் கழற்றி எறிபவர்கள் பலர். மேலும் கீழுமாகவோ நீளவாட்டிலோ அசைந்தால்தான் அது தேய்மானம்.

அடுத்து, முன் அச்சின் கீழ் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி, அச்சுக்குக் கீழே ஸ்டாண்ட் வைத்த பிறகு, டயரை உச்சியிலும் அடியிலும் பிடித்து உள்ளும் புறமுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் தளர்ந்திருப்பது ஹப் பேரிங் (சக்கரத்தின் நடுவில் உள்ள பேரிங்). மறையாமல் நீடித்தால் கிங் பின்னும் அதன் புஷ்ஷும் (பின்னைச் சுற்றியுள்ள உறை) தேய்ந்துள்ளன. இந்த ஒரு சோதனையைச் செய்யாததால், பேரிங் நட்டை முறுக்கினாலே தீர்ந்திருக்கும் குறைக்குக் கிங் பின் செட் மாற்றப்படுவதும், கிங் பின் தேய்ந்த வண்டியில் பேரிங்கை அளவுக்கு மீறி இறுக்கி ஹப்பைச் சூடேற்றுவதும் நடக்கின்றன. டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பும்போது சக்கரம் மேலெழும்பி இறங்கினால் திரஸ்ட் பேரிங் (கிங் பின் இடத்தில் வண்டியின் எடையைத் தாங்கும் பேரிங்) தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

கிங் பின் மாற்ற நேர்ந்தால் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய புஷ்ஷை அடித்து இறக்கியதும், பின்னின் அளவுக்கு ரீமர் (துளையைத் துல்லியமாகச் சீவும் கருவி) போடுவது அவசியம். ரீமர் இல்லாமல் உப்புத்தாள் கொண்டு தேய்த்துச் சரிசெய்யும் பட்டறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாக்ஸின் மேலுள்ள சரிசெய்யும் திருகை இறுக்கினால் ஆட்டம் குறைந்தது போலத் தோன்றும். நேராகச் செல்லும் நிலையில்தான் பற்கள் ஏற்கெனவே மிக நெருக்கமாக இருக்கும் என்பதால், அதற்கு மேல் இறுக்கினால் வளைவு முடிந்த பின் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. வெளி இணைப்புகள் அனைத்தும் சரியாக இருந்தும், உள்ளே செல்லும் தண்டு சுழல டிராப் ஆர்ம் மட்டும் அசையாமல் நின்றால்தான் பாக்ஸைத் திறக்க வேண்டும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 98ஆம் விதி ஸ்டீயரிங் ஆட்டத்திற்கு (சக்கரம் திரும்பாமல் ஸ்டீயரிங் மட்டும் திரும்பும் அளவுக்கு) 30 பாகையை உச்ச வரம்பாக வைத்துள்ளது. 50 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் இது ஏறத்தாழ 13 செ.மீ.; என் கணிப்பில் மிகத் தாராளமான வரம்பு. எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையில் தேறிவிட்டது என்பதற்காக ஸ்டீயரிங் நன்றாக உள்ளது என்று எண்ணிவிட வேண்டாம். அதே விதி பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்றும், போல்ட்டுகளும் பின்களும் கழலாதபடி பூட்டப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. எனவே ஸ்பிலிட் பின் (நட்டு கழலாமல் துளையில் செருகும் கம்பி) துளை நேராக வரவில்லை என்று நட்டைத் தளர்த்தாதீர்கள். அடுத்த துளை வரும்வரை இறுக்குங்கள். வளைந்த டிராக் லிங்க்கையோ டை ராடையோ சூடேற்றி நிமிர்த்துவதும், வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது.

கமான் பட்டைகளைச் (லீஃப் ஸ்பிரிங்) சேஸியோடு இணைக்கும் ஷேக்கிள் பின், புஷ் ஆகியவற்றையும் நெம்பிப் பாருங்கள். அவை தேய்ந்தால் அச்சே பக்கவாட்டில் நகர்ந்து வண்டியை அலைய வைக்கும். வீல் அலைன்மெண்ட் இவை அனைத்திற்கும் பிறகுதான். தளர்ந்த இணைப்புகளின் மீது செய்த அளவு பட்டறை வாசலைத் தாண்டுவதற்குள் மாறிவிடும். நீங்கள் இருமுறை செலவழித்தும் பலன் கிட்டாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கேள்வி: என் லாரி நேராகச் சென்றாலும் அதன் பின்பகுதி ஒருபுறம் ஒதுங்கிச் செல்வதாகப் பின்னால் வருபவர்கள் சொல்கிறார்கள். ஸ்டீயரிங்கையும் சற்றுத் திருப்பியே பிடிக்க வேண்டியுள்ளது.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இது பெரும்பாலும் ஸ்டீயரிங் கோளாறு அன்று. முன்சக்கரங்களை நேராக வைத்து, முன்சக்கரத்தின் மையத்திலிருந்து பின்சக்கரத்தின் மையம் வரை இருபுறமும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். தெளிவான வித்தியாசம் இருந்தால், ஏதோ ஒரு பக்கக் கமான் கட்டில் சென்டர் போல்ட் (பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் போல்ட்) முறிந்து அச்சு நகர்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. யூ போல்ட் (கமான் கட்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் வளைந்த போல்ட்) தளர்வதே இதற்கு வழக்கமான மூலகாரணம். ஆகவே சென்டர் போல்ட்டை மட்டும் மாற்றினால் புதியதும் முறியும். யூ போல்ட்டுகளையும் புதிதாகப் போட்டு, பாரம் ஏற்றி ஒரு நடை ஓடிய பின் மீண்டும் இறுக்குங்கள்.

கேள்வி: கிங் பின் நிப்பிளில் கிரீஸ் ஏறவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், கரூர்

பதில்: அச்சை உயர்த்தி, சக்கரத்தின் மீதுள்ள எடையை நீக்கிவிட்டு அடியுங்கள், அப்போதுதான் திரஸ்ட் பேரிங்கின் பரப்புகளுக்கு இடையேயும் கிரீஸ் புகும். சக்கரத்தை இருபுறமும் திருப்பிக்கொண்டே அடித்தும் ஏறாவிட்டால் நிப்பிளை மாற்றுங்கள். பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது தலைகாட்டும் வரை அடிக்க வேண்டும். வெளிவருவது செம்பழுப்பாக, துரு கலந்து இருந்தால் புஷ் வறண்டு ஓடியிருக்கிறது; அன்றே மேலே சொன்ன பிரேக் சோதனையையும் செய்துவிடுங்கள்.