ஓசியில் ஃபிட்னஸ் பேண்ட்: சர்வேயில் எதைக் கேட்பது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் எச்.ஆர். பார்க்கிறேன். அலுவலகம், மெர்ச்சண்டைசிங், கட்டிங், தையல் எல்லாம் சேர்த்து 180 பேர். தீபாவளிக்கு எல்லோருக்கும் ஃபிட்னஸ் பேண்ட் கொடுக்கலாம் என்பது முதலாளியின் எண்ணம். "முதல்ல ஒரு சர்வே எடுத்துப் பாரும்மா" என்று என்னிடம் விட்டுவிட்டார். கூகுள் ஃபார்மில் ஐந்து கேள்விகள் போட்டிருக்கிறேன்: பேண்ட் வேண்டுமா, எந்த நிறம், எந்த பிராண்டு, தினம் எத்தனை காலடி (ஸ்டெப்) நடப்பீர்கள், உடல்நலப் பிரச்சினை ஏதும் உண்டா. இது போதுமா?

பதில்: ஐந்தையுமே எடுத்துவிடச் சொன்னால் கோபிக்காதீர்கள். ஓசியில் வருவதை "வேண்டுமா" என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? எல்லோரும் "ஆமாம்" போடுவார்கள். அதைப் பார்த்து முதலாளி 180 பேண்டுக்கு ஆர்டர் கொடுப்பார். பொங்கலுக்குள் பாதிப் பேண்ட் வீட்டுப் பிள்ளைகள் கைக்குப் போயிருக்கும். நிறமும் பிராண்டும் வாங்குவது என்று முடிவான பிறகு கேட்க வேண்டியவை. எத்தனை அடி நடக்கிறோம் என்பது பேண்ட் கட்டாதவருக்கு எப்படித் தெரியும்? காதில் விழுந்த எண் என்பதால் 10,000 என்று எழுதி வைப்பார்கள். (அந்த எண்ணே 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியதுதான்.) உடல்நலக் கேள்வி ஏன் கூடாது என்பதற்கு அடுத்த கடிதத்தைப் பாருங்கள்.

ஆசையைக் கேட்காதீர்கள், பழக்கத்தைக் கேளுங்கள். "இதற்கு முன் ஃபிட்னஸ் பேண்டோ ஸ்மார்ட் வாட்சோ வைத்திருந்தீர்களா? இப்போது அது கையில் இருக்கிறதா? இல்லையென்றால் எப்போது கழற்றினீர்கள், ஏன்?" கடைசிக் கேள்விக்கு டிக் அடிக்கும் கட்டம் வைக்க வேண்டாம், அவர்களே எழுத இடம் விடுங்கள். "சார்ஜர் தொலைஞ்சு போச்சு", "வேர்வையில கை அரிக்குது", "போன் மாத்தினதும் கனெக்ட் ஆகல" என்று வரும் பதில்களில்தான் உங்களுக்கு வேண்டிய சங்கதி இருக்கிறது.

இப்படிச் சொல்லக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் 13 நிறுவனங்களைச் சேர்ந்த 800 ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2016-ல் வெளிவந்தது. சிலருக்கு வெறும் பேண்ட், சிலருக்குப் பேண்டோடு பணம், சிலருக்குப் பேண்டோடு அவர்கள் பெயரில் நன்கொடை. பேண்ட் கட்டியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் கழற்றிவிட்டார்கள். ஓர் ஆண்டு முடிவில் கட்டியிருந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். எடை, ரத்த அழுத்தம் போன்றவற்றில் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. அங்கேயே அப்படி என்றால் உங்கள் முதலாளி எதை எதிர்பார்க்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, விலையோடு மோதவிட்டுக் கேளுங்கள். "அதே மதிப்புக்குப் பேண்ட், நல்ல நடைக் காலணி, முழு உடல் பரிசோதனை, ரொக்கம், இவற்றில் எது வேண்டும்?" தையல் பிரிவில் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். வந்தால் அதை மறைக்காமல் முதலாளியிடம் கொடுங்கள்.

போனைப் பற்றியும் கேட்க வேண்டும். செயலி இல்லாவிட்டால் பேண்ட் வெறும் கைக்கடிகாரம்தான். சொந்த போனா, வீட்டில் எல்லோரும் சேர்ந்து வைத்திருப்பதா? வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைக்கச் சொல்கிறீர்களா?

இதையெல்லாம்விட முக்கியம் தளத்துக்குப் போய்ப் பார்ப்பது. பேண்ட் கையசைவை வைத்துத்தான் அடியைக் கணக்கிடுகிறது. பண்டலை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நாள் முழுக்க நடக்கிற ஹெல்ப்பருக்கு அது குறைத்துக் காட்டலாம். உட்கார்ந்த இடத்தில் துணியைத் தள்ளிக்கொண்டே இருக்கும் டெய்லருக்குக் கூட்டிக் காட்டலாம். மேடு பள்ளத்தில் பைக் ஓட்டி வருகிறவர் நடக்காமலே அடி சேர்த்துவிடுவார். கட்டிங் இயந்திரத்தின் பக்கத்தில் மணிக்கட்டில் எதையும் கட்டலாமா என்று மெக்கானிக்கிடம் கேட்காமல் கொடுக்கவே கூடாது. தோல் அரிப்பும் அலட்சியப்படுத்தும் விஷயமல்ல. ஃபிட்பிட் நிறுவனம் 2014-ல் ஃபோர்ஸ் என்ற மாடலைத் தோல் பிரச்சினைக்காகவே திரும்பப் பெற்றது. 2022-ல் பேட்டரி சூடாகித் தீக்காயம் ஏற்பட்டதால் ஐயானிக் மாடலையும் திரும்பப் பெற்றது.

ஃபார்மில் மின்னஞ்சல் சேகரிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பெயர் கேட்கவில்லை என்றாலும் பிரிவு, வயது, பாலினம் மூன்றையும் கேட்டால் மூன்று பேர் மட்டும் உள்ள பிரிவில் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். தையல் பிரிவுக்குக் காகிதச் சீட்டும் ஒரு பெட்டியும் போதும். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 180 வாங்கும் முன் பத்து வாங்குங்கள். தினமும் ஜிம் போகிறவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அவர்கள் பேண்ட் இல்லாமலும் நடப்பார்கள். பிரிவுக்கு இரண்டு மூன்று பேர், இரண்டு மாதம். எத்தனை பேர் கையில் மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மீதிக்கு ஆர்டர் கொடுக்கலாம். பெட்டியில் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து, பிஐஎஸ் கேர் செயலியில் சரிபாருங்கள். பரிசாகக் கொடுக்கும் பொருளுக்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது, அதையும் பட்ஜெட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சென்னையில் ஒரு ஐடி நிறுவனத்தில் வேலை. பிபி, சர்க்கரை உண்டா, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று ஒரு படிவம் வந்திருக்கிறது. வாட்சைக் கம்பெனி செயலியில் இணைத்தால் இன்சூரன்ஸ் பிரீமியத்தில் சலுகையாம். இணைக்காவிட்டால் சிக்கல் வருமா?

பதில்: உடல்நலப் புள்ளிகளுக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் சலுகை தருவதை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதிக்கிறது. ஆகவே சலுகை என்பதில் தப்பில்லை. உங்கள் சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011-ம் ஆண்டு விதிகளின்படியே உடல்நிலை பற்றிய தகவல், கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டிய (சென்சிடிவ்) தனிப்பட்ட தகவல். எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் நிறுவனம் அதைச் சேகரிக்கக் கூடாது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: சம்மதம் சுதந்திரமாக, நிபந்தனையில்லாமல் தரப்பட வேண்டும், கொடுத்தது போலவே எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலுக்கு வருகின்றன. வேலை தொடர்பான சில தேவைகளுக்குச் சட்டம் சம்மதத்திலிருந்து விலக்கு தருகிறது என்பது உண்மை. ஆனால் நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்பது அதில் அடங்கும் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"சலுகை" கொஞ்சம் கொஞ்சமாக "அபராதம்" ஆவதும் உண்டு. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநில ஆசிரியர்களை ஒரு நலச் செயலியில் புள்ளி சேர்க்கச் சொன்னார்கள், சேராதவர்கள் மாதம் 25 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றார்கள். 2018-ல் மாநிலம் முழுக்கப் பள்ளிகள் மூடிக் கிடந்த வேலைநிறுத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம். அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: தரவு யார் கையில் இருக்கும், மேலாளர் பார்க்க முடியுமா, வேலையை விட்டால் எப்போது அழிப்பீர்கள். பதில் எழுத்தில் வரட்டும். இணைப்பதென்றால் ஆண்ட்ராய்டில் எந்தச் செயலி எந்த உடல்நலத் தரவைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் ஹெல்த் கனெக்ட் மூலம் அடி எண்ணிக்கையை மட்டும் அனுமதித்து, தூக்கம், இதயத்துடிப்பு, இருப்பிடம் மூன்றையும் அணைத்துவிடுங்கள். இருப்பிடத்தைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். உடற்பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட ஓட்டப் பாதை வரைபடத்தில் ராணுவ முகாம்களின் அமைப்பே தெரிகிறது என்று 2018-ல் கண்டுபிடித்தார்கள்.

கேள்வி: ஊசி குத்தாமல் சர்க்கரை காட்டும் வாட்ச் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அப்பாவுக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரை அளவைக் காட்டும் வாட்ச், மோதிரம் எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. எரித்த கலோரிக் கணக்கையும் பெரிதாக நம்ப வேண்டாம். 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தபோது கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தப்பாகக் காட்டியது. இதயத்துடிப்பில் மட்டும் ஆறு கருவிகள் பரவாயில்லை.

கேள்வி: கம்பெனி ஊழியர்களுக்காக 60 பேண்ட் மொத்தமாக வாங்கினோம். நான்கு மாதத்தில் 22 பேண்ட் சார்ஜ் ஏறவில்லை. "கம்பெனி பேர்ல பில், இது வணிகக் கொள்முதல், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்கிறார் விற்றவர். சரியா?

பதில்: பாதிதான் சரி. வணிக நோக்கத்துக்காக வாங்கினால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் கம்பெனி பெயரில் பில் இருப்பதாலேயே அது வணிக நோக்கம் ஆகிவிடாது. மும்பை லீலாவதி மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளை, செவிலியர்கள் தங்குவதற்கு வாங்கிய வீடுகள் சம்பந்தமாக வழக்குப் போட்டது. எதிர்த்தரப்பும் இதே வாதத்தைத்தான் வைத்தது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: வாங்கியதன் முதன்மை நோக்கம் லாபம் ஈட்டுவதோடு நேரடியாகத் தொடர்புடையதா என்று பார்க்க வேண்டும், ஊழியர் வசதிக்காக வாங்கியது அப்படிப்பட்டதல்ல என்றது. ஊழியர் நலனுக்காகக் கொடுத்த பேண்டுக்கும் இதே வாதம் பொருந்தும். அந்தத் தரவை வைத்து ஊழியரின் வேலையை அளந்திருந்தால் உங்கள் வாதம் பலவீனமாகிவிடும்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்யுங்கள். சரியாகவில்லை என்றால் வழக்கறிஞர் நோட்டீஸ், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பழுதான 22 பேண்டின் சீரியல் எண், யாரிடம் இருந்தது, எந்தத் தேதியில் நின்றது என்று இப்போதே ஒரு தாளில் எழுதி, கட்டியிருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான் என்பதால் அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு.